வீழ்ச்சியும் கழுவேற்றமும்: கேளிக்கைக் கலைகளின் மாற்றம் பற்றி ஒரு நோக்கு

கலை விமர்சனம் என்பது நூல், நாடகம், இசை, சிற்பம் ஆகியவற்றையே தனக்குரிய பொருளாகக் கொள்ளுதல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. திருவிழாக் காலத்தில் கோயில் வீதியிற் சுழலும் இராட்டினம் விமர்சகனின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது சிறுவர்க்கு உரியது. காசு கொடுத்து ஏறித் தலைசுற்றி இறங்குவதோடு அதன் பயன் தீர்ந்துவிடுகின்றது என்பதே பொதுக் கருத்து. ஆயின், மக்கள் எதனை இழக்க மறுக்கின்றனர், ஏன் மறுக்கின்றனர் என்பதை அறிய விழைவோர் இந்த அலட்சியத்தைக் கைவிட வேண்டியவராவர். ஐக்கிய அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின் கேளிக்கைப் பூங்காக்களில் இயங்கிய ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்னும் நீர்ச்சவாரியை நீக்கி, அதனிடத்தில் வேறொன்றை அமைப்பது தொடர்பாக 2020 ஆம் ஆண்டு எழுந்த வாதப் பிரதிவாதம் இவ்வகையில் நோக்கற்பாலது. வாய்மொழிக் கதை, இன ஒடுக்குமுறை, பழமைப் பற்று, வடிவத்தின் ஒருமை, உடைமையாளனின் அதிகாரம் என்பன யாவும் அங்கு ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. நமது கூத்து மரபு பற்றி அறுபது ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் விவாதத்துக்கு இதனிலும் நெருங்கிய உறவுடைய பிறநாட்டு விவாதம் ஒன்றைக் காண்டல் அரிது.

முதலில் சவாரியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்தில் இது 1989 ஜூலை மாதத்தில் தொடங்கப்பட்டது. புளோரிடாவிலும் ஜப்பானின் ரோக்கியோவிலும் இதன் மறுபடிகள் 1992 இல் அமைந்தன. மரக்குற்றியைக் குடைந்தாற்போன்ற ஓடத்தில் மக்கள் அமர்வர். வாய்க்கால் நீரோட்டம் அவ்வோடத்தை ஒரு செயற்கை மலையின் குகைகளுக்குள் இட்டுச்செல்லும். இருபுறமும் இயந்திரப் பாவைகள் பாடியாடி ஒரு கதையை நடத்திக்காட்டும். ஊரை விட்டு உலகம் காணப் புறப்பட்ட முயலை நரியும் கரடியும் பிடித்துவிடுகின்றன. முயல் கெஞ்சுகின்றது: எதை வேண்டுமாயினும் செய்யுங்கள், முட்புதருக்குள் மட்டும் எறிந்துவிடாதீர்கள் என்று. வன்மம் கொண்ட நரி முட்புதருக்குள்ளேயே எறிகின்றது. அவ்வேளையில் ஓடம் ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து செங்குத்தாய் வீழ்கின்றது. ஓடத்திலிருப்போர் அலறி, நனைந்து, மீண்டும் ஓர் இருண்ட குகைக்குள் நுழையும்போது அங்கே ஆரவாரம். முயல் முட்புதரிற் பிறந்து வளர்ந்தது. தண்டனை என எதிரி எண்ணியது அதற்கு வீடு. பத்து நிமிடங்களே நீடிக்கும் இக்கேளிக்கையின் முழு அமைப்பும் அந்த ஒரு வீழ்ச்சியை நோக்கியே செல்கின்றது.

இக்கதை எங்கிருந்து வந்தது? இங்குதான் சிக்கல் தொடங்குகின்றது. முயலண்ணனின் கதைகள் அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த ஆபிரிக்க மக்களின் வாய்மொழிக் கதைகள். வலியோனை எளியோன் சூழ்ச்சியால் வெல்லும் கதைகளை, சாட்டையின் கீழ் வாழ்ந்தவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லினர் என்பதில் வியப்பில்லை. கிணற்று நீரிற் சிங்கத்துக்கு அதன் நிழலைக் காட்டி வீழ்த்திய பஞ்சதந்திர முயலை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு முயலண்ணன் அந்நியனல்லன். இத்தொகுதியிற் புகழ்பெற்ற மற்றொரு கதை, நரி செய்துவைத்த தார்ப்பொம்மையை முயல் அடிக்க, கையும் காலும் தலையும் ஒவ்வொன்றாய் ஒட்டிக்கொண்டது என்பது. அம்பும் வாளும் கையும் காலும் ஒட்டிக்கொள்ள, ஒட்டுமயிர் அரக்கனிடம் அகப்பட்டும் அஞ்சாத ஐந்தாயுதக் குமாரனின் கதை பாளி ஜாதகக் கதைகளில் உண்டு. இலங்கையரிற் பலர் பள்ளிப் பருவத்திலேயே ஜாதகக் கதைகளை அறிவர். அக்கதைக்கும் தார்ப்பொம்மைக்கும் உறவுண்டா, அன்றி ஆபிரிக்காவில் அது தானாகவே தோன்றியதா என்பதில் நாட்டாரியல் அறிஞர்கள் நெடுங்காலம் மாறுபட்டுள்ளனர். அவ்வழக்கு இங்கு வேண்டற்பாலதன்று. கதைகள் கடல் தாண்டுவன. தாண்டும்போது எவர் வாயிற் புகுகின்றனவோ அவர் நிறத்தைப் பெறுவன என்பதே வேண்டுவது.

முயலண்ணன் கதைகள் புகுந்த வாய் ஜோயல் சண்ட்லர் ஹரிஸ் என்னும் வெள்ளைப் பத்திரிகையாளருடையது. ஜோர்ஜியா மாநிலத்து ஈற்றன்ரனில் பிறந்து, அவ்வூரை அடுத்த தோட்டமொன்றிலிருந்த அச்சகத்திற் பணிபுரிந்த இளமைக்காலத்தில் அடிமைகளின் குடில்களில் கேட்ட கதைகளை அவர் 1880 இல் நூலாக்கினார். கதைகளைக் காப்பாற்றியவர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அவற்றைச் சொல்வதற்கு அவர் படைத்த பாத்திரமாகிய ரீமஸ் மாமா, தன் பழைய எசமானரின் பேரப்பிள்ளை போன்றதொரு வெள்ளைச் சிறுவனுக்கு மகிழ்ச்சியோடு கதை சொல்லும் முதியவர். கடந்த காலத்தின்மீது குறையேதுமில்லாதவர். எதிர்ப்பின் கதையைப் பணிவின் வாயில் வைத்த செயல் இது. அதே ஈற்றன்ரனிற் பிறந்த கறுப்பின எழுத்தாளர் அலிஸ் வோக்கர், தமது முன்னோரின் உடைமையை ஹரிஸ் கவர்ந்துகொண்டார் எனக் கடிந்ததன் காரணம் இதுவே. 1946 இல் டிஸ்னி நிறுவனம் ‘சோங் ஒவ் த சவுத்’ என இதனைத் திரைப்படமாக்கியது. படம் முதன்முதலாக அற்லாண்டா நகரிற் காட்டப்பட்டபோது, ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கற் அவ்விழாவிற் கலந்துகொள்ள இயலவில்லை. நகரம் இன ஒதுக்கலின் கீழ் இருந்தது. கதாநாயகனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவனது சிரிப்பைத் திரையிற் கண்டு மகிழ்ந்த அவை அது. 1948 இல் அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். படத்தின் தொழில்நுட்பத்தைப் பாராட்டிய கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம், எசமானருக்கும் அடிமைகளுக்கும் இடையிலான உறவை அது இன்பமயமாகக் காட்டிற்று என அப்பொழுதே கண்டித்தது. 1986 க்குப் பின்னர் அமெரிக்கத் திரையரங்குகளில் அப்படம் வெளியிடப்படவில்லை. வீட்டுப் பார்வைக்கான ஒளிநாடாவாகவும் அங்கு விற்கப்படவில்லை.

ஒரு நிறுவனம் காட்ட வெட்கிய படத்திலிருந்து பல கோடி டொலர் செலவில் ஒரு மலையைக் கட்டியது என்பது முதல் நோக்கிற் புதிராகும். கட்டியவர்கள் அறியாமற் கட்டவில்லை. சவாரியில் ரீமஸ் மாமா இல்லை. தார்ப்பொம்மையும் இல்லை, முயல் தாருக்குப் பதிலாகத் தேனிற் சிக்கிக்கொள்கின்றது. எஞ்சியவை விலங்குகளும் பாட்டும் வீழ்ச்சியுமே. மாற்றத்தை எதிர்த்த இரசிகர்கள் இதனையே தம் முதல் வாதமாக வைத்தனர்: குற்றமுடையது படம், சவாரியிற் குற்றமேது? இன்றைய சிறுவர் எவரும் அப்படத்தைக் கண்டதில்லை. காணாததொன்றினால் எவர் மனம் புண்படும்? மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இவ்வாதம் வலிமையுடையது போலத் தோன்றும். ஆனால் தாரைத் தேனாக்கிய கையே தார் எங்கிருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றது. துடைத்த இடம் மற்ற இடங்களிலும் பளிச்சென்றிருப்பதைச் சுவருக்கு வெள்ளையடித்தவர் அறிவர். அன்றியும், கதை சொன்னவனை நீக்கிவிட்டுக் கதையை வைத்துக்கொள்வது ஹரிஸ் செய்ததன் தொடர்ச்சியேயன்றி அதன் திருத்தமன்று. ஹரிஸ் அடிமைக்குப் பொய்முகம் தந்தார். சவாரி அவனுக்கு முகமே இல்லாமற் செய்தது.

2020 மே மாதம் 25 ஆம் நாள் ஜோர்ஜ் புளொய்ட் பொலிசாரின் பிடியிற் கொல்லப்பட்டதை அடுத்து, அமெரிக்காவெங்கும் சிலைகளும் பெயர்களும் சின்னங்களும் விசாரணைக்குள்ளாயின. சவாரியின் கதையை நீக்கி, டிஸ்னியின் முதற் கறுப்பின இளவரசியாகிய தியானாவின் கதையை அதில் அமைக்கவேண்டுமெனக் கோரிய மனுவிற் பல்லாயிரவர் ஒப்பமிட்டனர். தியானா 2009 இல் வெளிவந்த ‘த பிரின்சஸ் அன்ட் த ப்ரொக்’ என்னும் கேலிச்சித்திரப் படத்தின் தலைவி. நியூ ஓர்லியன்ஸ் நகரில் உணவகம் நடத்தக் கனவு காண்பவள். ஜூன் 25 ஆம் நாள் நிறுவனம் தன் முடிவை அறிவித்தது. திட்டம் முந்திய ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்றும் கூறிற்று. எதிர்மனுக்கள் எழுந்தன. புளோரிடாவில் 2023 ஜனவரி 22 உம், கலிபோர்னியாவில் அவ்வாண்டு மே 30 உம் இறுதி நாள்களாயின. இறுதி நாளுக்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். மலையடிவார நீரெனக் கூறப்பட்ட நீர் போத்தலில் அடைக்கப்பட்டு இணையச் சந்தையில் விலைகூறப்பட்டது. தீர்த்தம் கொணர்ந்து வீட்டிற் பேணும் வழக்கமுடைய நமக்கு இதில் நகைப்பதற்கு உரிமை குறைவு.

இரசிகர் துயரத்தை வெறும் இனவாதம் என ஒதுக்கியோரும் இருந்தனர். அது நேர்மையான விமர்சனமாகாது. எதிர்மனுவில் ஒப்பமிட்டோரில் இனவெறியர் இருந்திருக்கலாம்; ஆயினும் தந்தையின் மடியிலிருந்து முதன்முதலாக வீழ்ந்த அந்த நொடியை நினைந்து வருந்தியவர்களே பெரும்பாலோர் எனக் கொள்ளல் தகும். அவர்களுக்கு முயல் எந்த இனத்தின் கதையும் அன்று. அது தம் குழந்தைப் பருவம். குழந்தைப் பருவத்தின்மீது பற்றுக்கொள்ளுதல் குற்றமாகாது. ஆயின் அப்பற்றினின்று அவர்கள் பெற்ற முடிபு, அதாவது ‘எமக்கு முதலில் கிடைத்த வடிவமே மூலவடிவம்’ என்பது, வரலாற்றோடு பொருந்தவில்லை.

பொருந்தாமையைக் காட்டுவது சவாரியின் பிறப்பே. கலிபோர்னிய சவாரியில் இயங்கிய பாவைகளுட் பெரும்பாலானவை அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. 1974 முதல் 1988 வரை அங்கு ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற பாவைக்கூத்து ஒன்று சுழலரங்கில் நடைபெற்றுவந்தது. கூட்டம் குறையவே அது மூடப்பட்டு, வாத்துகளும் தவளைகளும் பிறவும் கழற்றப்பட்டு, வேறு பாட்டுப் பாடும்படி இந்த மலைக்குள் வைக்கப்பட்டன. அப்பாவைகளுக்கு வேலை தேடுதல், கூட்டமில்லாத ஒரு மூலைக்குக் கூட்டம் சேர்த்தல் என்பன சவாரியைத் திட்டமிட்ட ரோனி பக்ஸ்ரரின் நோக்கங்களாயிருந்தன. அந்த ‘அமெரிக்கா சிங்ஸ்’ தானும் புளோரிடாவுக்கு மாற்றப்பட்ட வேறொரு காட்சியின் அரங்கிலேயே குடிபுகுந்தது. ஆகவே 2020 இல் ‘தொடாதீர்’ என மன்றாடியவர்கள் காத்துநின்ற பொருள், முன்னைய இரசிகர் ஒருசாராரின் இழப்பிலிருந்து கட்டப்பட்டது. அவ்விழப்புக்காக அழுதவர்களும் இருந்திருப்பர். அவர்களது கண்ணீர் மனுவாக மாறும் காலம் அப்பொழுது வரவில்லை. 1997 இல், புளோரிடாவில் தேரைக் கனவானின் சவாரியை நீக்கிக் கரடிப் பொம்மையொன்றின் கதைக்கு இடமளிக்கப்போவதாகச் செய்தி பரவியபோது இரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1998 செப்டெம்பர் 7 இல் அது மூடப்பட்டது. புதிய சவாரியின் சுவரில் தேரைக் கனவான் தன் வீட்டு உறுதியை ஆந்தையிடம் கையளிக்கும் படமொன்று மட்டும் மாட்டப்பட்டது. காணி உறுதியின் அருமை தெரிந்த ஊர்களில் இப்படத்தின் கசப்பு எளிதில் விளங்கும்.

இனி நம் பக்கம் நோக்குவோம். கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன், ஸ்கந்தபுரம் முதலிய ஊர்கள் குடியேற்றத்தால் வளர்ந்தவை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வெவ்வேறு காலங்களில் வந்தோர் தத்தம் ஊர்த் தெய்வங்களையும் கூத்துகளையும் உடன்கொணர்ந்தனர். இத்தகைய ஊரில் ‘மூலவடிவம்’ என்னும் சொல் உடனே தடுமாறுகின்றது. ஒருவர் ஊரிற் காத்தவராயன் இவ்வாறு பாடினான் என்பார். மற்றவர் தம் ஊரில் அம்மெட்டு வேறு என்பார். இருவரும் தம் தந்தையரைச் சாட்சிக்கு அழைப்பர். வன்னியின் மறுபுறத்தில், முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்துக்குத் தனக்கென ஓர் ஆடல்முறை உண்டு; வற்றாப்பளைக் கண்ணகியின் வைகாசிப் பொங்கலோடு அம்மரபு உறவுடையது. அங்கே பழைய குடிகளின் நினைவு ஒரு முகப்பட்டது. மேற்கே குடியேற்ற ஊர்களில் அது பன்முகப்பட்டது. அதனை ஒரு குறையாகக் கருதும் வழக்கம் நம் ஆய்வாளரிடையே உண்டு; அவ்வாறு கருதவேண்டிய தேவையில்லை.

காத்தவராயன் கூத்தையே எடுத்துக்கொள்வோம். ஈழத்தின் வடபுலத்தில் இதனைப்போல மக்கள் மனத்திற் குடிகொண்ட கூத்து வேறில்லை எனலாம். அம்மன் கோயில்களில் நேர்த்தியாக ஆடப்படுவது, விடியும்வரை நீள்வது, தலைவனின் பருவத்துக்கேற்ப வெவ்வேறு நடிகர் அப்பாத்திரத்தை ஏற்பது. அதன் உச்சம் காத்தான் கழுமரம் ஏறுதல். உறங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டியெழுப்புவது அதற்காகவே. ஸ்பிளாஷ் மவுண்டனின் வீழ்ச்சிக்கும் காத்தானின் ஏற்றத்துக்கும் உள்ள ஒப்புமை வியக்கத்தக்கது. இரண்டிலும் தண்டனையே உச்சமாகவும் மீட்சியாகவும் அமைகின்றது. முள்ளில் வீழ்ந்த முயல் வீட்டை அடைகின்றது, கழுவில் ஏறிய காத்தான் தெய்வமாகின்றான். இரண்டிலும் ஆவலோடு காத்திருக்கும் கூட்டம் முடிவை முன்னரே அறிந்துள்ளது. மற்றொரு ஒப்புமை மகிழ்ச்சி தருவதன்று. உயர்குலப் பெண்ணாகிய ஆரியமாலையை விரும்பியதே காத்தான் கழுவேறுதற்குக் காரணம். சாதியை மீறிய காதலைப் பாடும் கதைப்பாடல்களிற் பிற்காலத்தார் பிறப்பு வரலாறுகளைப் புகுத்தி அம்மீறலை மழுப்பிவிட்டதை நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையை ஆராய்ந்து காட்டியுள்ளார். காத்தானைத் தெய்வக் குழந்தையாக்கி, கழுவை முன்வினையின் பயனாக்கிய பகுதிகளையும் அக்கண்கொண்டே காணவேண்டும். தாரைத் தேனாக்கும் கலை நமக்கும் தெரியும். அமெரிக்கருக்கு முன்னரே தெரியும்.

கூத்தை மாற்றலாமா என்னும் வினா ஈழத்திற் கூர்மையடைந்தது 1960களிலாகும். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) என்பவற்றை மேடையேற்றினார். விடியவிடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாய்ப் படச்சட்ட மேடைக்கு வந்தது. நகரத்துப் படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தலைப்பட்டது அதன் பின்னரே என்பது அம்முயற்சியின் பெரும் பேறு. அதே வேளையில், கூத்தர்களும் ஊராரும் விடிய விழித்திருந்து கூடிக்கலந்த அனுபவம் மேடையில் வெட்டுப்பட்டுப் போயிற்று என்னும் குறையும் எழுந்தது. இராவணேசனில் நடித்து, பின்னர் அதனைப் பலமுறை புத்துருவாக்கிய சி. மௌனகுருவின் நெறிக்கும், 2000களில் மட்டக்களப்புச் சீலாமுனையிற் சி. ஜெயசங்கர் முதலியோர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்துக்கும் இடையே நிகழ்ந்த விவாதம் இதன் தொடர்ச்சியே. பின்னவர்கள் களரியைவிட்டு வெளியேறாது, அண்ணாவியாரும் ஆடுவோரும் பார்ப்போரும் கூடிப் பேசி, சாதியும் பெண்ணும் கூத்திற் சித்திரிக்கப்படும் முறையை மாற்ற முயன்றனர். எவ்விடத்தில், எவருடைய இசைவோடு மாற்றம் நிகழ்கின்றது என்பதையே அவர்கள் முதன்மைப்படுத்தினர்.

ஆயினும் ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு மிக அண்மையான ஈழத்து எடுத்துக்காட்டு இவையிரண்டுமன்று. அது ‘கந்தன் கருணை’. 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் சூழலில், என். கே. இரகுநாதனின் எழுத்துருவை அடியொற்றி அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தான் கூத்துப் பாணியில் மேடையேற்றியது. மௌனகுருவின் ‘சங்காரம்’ (1969) வடமோடியைக் கொண்டு செய்ததை இது சிந்துநடையைக் கொண்டு செய்தது. மெட்டு பழையது, நடை பழையது. கதையோ கோயில் வாயிலில் மறிக்கப்பட்ட மக்களுடையது. கந்தனே அவர் பக்கம் வந்து நிற்கின்றான். கந்தனின் பெயரைத் தாங்கிய ஸ்கந்தபுரத்தார்க்கு இக்கூத்து தனியொரு பொருள் தரக்கூடும். வாய்க்கால் அதே வாய்க்கால்; ஓடமும் அதே; கதை மட்டும் மாறிற்று. மாற்றத்தால் வடிவம் சிதைந்ததா எனின், இல்லை. ஏன் இல்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது. காத்தான் கூத்தின் மெட்டுகளுக்குள் ஏற்கெனவே வாயிலில் மறிக்கப்பட்டவனின் குரல் இருந்தது. பிறப்பு வரலாறுகளால் மூடப்பட்டிருந்த அக்குரலை நாடகக்காரர் திறந்துவிட்டனர். புதிய கதை பழைய வடிவத்தின் உள்ளிருந்தே எடுக்கப்பட்டது.

இவ்வளவுகோலால் தியானாவின் சவாரியை அளக்கலாம். புளோரிடாவில் 2024 ஜூன் 28 இலும் கலிபோர்னியாவில் அவ்வாண்டு நவெம்பர் 15 இலும் அது திறக்கப்பட்டது. தியானா இப்பொழுது தொழிலாளர் பங்குடைய உணவுக் கூட்டுறவொன்றின் தலைவி; மார்டி கிரா விழாவுக்கு வாத்தியக்காரர் போதவில்லை; ஓடத்திலிருப்போர் அவளோடு சேர்ந்து சதுப்புநிலத்தில் வாத்தியம் வாசிக்கும் விலங்குகளைத் தேடிச் செல்கின்றனர். பாவைகளின் அசைவு முன்னையவற்றிலும் நுண்மையானது. இசையும் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குரியது. கறுப்பினப் பெண்ணொருத்தியை எவர்க்கும் பணி செய்யாத தலைவியாக அம்மலையின் மீது அமர்த்தியது சிறுசெயலன்று. அந்நகரின் புகழ்பெற்ற சமையற் கலைஞர் லேயா சேஸ் அப்பாத்திரத்துக்கு முன்மாதிரியாயிருந்தவர். மாற்றம் வேண்டியதே என்பதில் இரண்டாங் கருத்துக்கு இடமில்லை.

ஆனால் வீழ்ச்சி ஏன் நிகழ்கின்றது? படத்திலிருந்த தீயோனாகிய மந்திரவாதி சவாரியில் இடம்பெறவில்லை. துரத்துபவன் இல்லை, அச்சம் இல்லை, சூழ்ச்சி இல்லை. சிறிய உருவாக்கப்பட்ட பயணிகள் தம் பழைய உருவை அடைந்து விழாவுக்கு மீள்வதற்கு 50 அடி வீழ்கின்றனர். வீழாமலும் மீண்டிருக்கலாம். பழைய சவாரியில் வீழ்ச்சி கதையின் திருப்பம். புதியதில் அது பொறியியலின் எச்சம். இரசிகர்கள் கூறிய குறைகளுள் உண்மையில் விமர்சனத் தகுதியுடையது இதுவொன்றே. வருந்தத்தக்கது யாதெனின், பலர் இதனைப் பின்னுக்குத் தள்ளி ‘எம் இளமையைப் பறித்தனர்’ என்பதையே முழங்கினர்.

எதிரியை நீக்கியதன் காரணம் ஊகிக்கக்கூடியதே. புண்பட்ட மக்களை மகிழ்விக்க வேண்டுமெனின் அவர்களுக்குத் துன்பமே இல்லாத கதையொன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் வணிக எச்சரிக்கை அது. 1920களின் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் கறுப்பினப் பெண்ணொருத்தி வாணிபம் நடத்துவதற்கு எத்தனை முட்புதர்களைத் தாண்டியிருப்பாள்! தியானாவின் படமே அவள் விரும்பிய கட்டடம் அவளுக்கு மறுக்கப்படுவதைக் காட்டியிருந்தது. சவாரியில் அதுவும் இல்லை. ஹரிஸின் ரீமஸ் மாமா குறையொன்றும் இல்லாதவராயிருந்தார். தியானாவுக்கும் இப்பொழுது குறையொன்றும் இல்லை. நூற்று நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தின் அளவை இதனால் மிகைப்படுத்தாது மதிப்பிடலாம். முயலண்ணனின் கதையைப் படைத்த அடிமைக்கு இந்நிறுவனத்தைவிடத் துணிவு அதிகம். பிடிபட்டவன் பேசும் பேச்சிலேயே விடுதலையை வைத்தான். அவ்வடிமையையே மலையின் தலைவனாக்கி, முயலின் கதையை அவன் வாயினாலேயே சொல்வித்திருந்தால் வீழ்ச்சியும் எஞ்சியிருக்கும், அநீதியும் திருத்தப்பட்டிருக்கும். ‘கந்தன் கருணை’யினர் செய்தது அதுபோன்றதே. அவர்களிடம் பணம் இல்லாதிருந்தது ஒருவகையில் நற்பேறு.

உடைமை பற்றியும் ஒருசொல். காத்தான் கூத்தின் பாட்டொன்றை நீக்க விரும்பும் அண்ணாவியார் மறுநாட் காலையில் ஊராரின் முகத்தில் விழித்தாகவேண்டும். டிஸ்னி நிறுவனம் மனுக்களைப் பெற்றது; முடிவைத் தானே செய்தது. மாற்றம் கேட்டவரும் மாற்றம் மறுத்தவரும் ஒரே வாயிற்காப்போனிடம் விண்ணப்பித்து நின்றனர் என்பதை இருசாராருமே பொருட்படுத்தவில்லை. தாம் நுழைவுச்சீட்டு வாங்கியவர்; உடைமையாளர் அல்லர் என்பது அவர்களுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. ஒன்றை மட்டும் அவர்களுக்காகக் கூறவேண்டும்: அவர்களுக்குத் தவணை கிடைத்தது. அறிவிப்புக்கும் மூடுதலுக்கும் இடையே இரண்டரை ஆண்டுகள். இறுதியாக ஒருமுறை ஏறவும் படம் பிடிக்கவும் அழவும் நேரமிருந்தது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்கராயன், ஸ்கந்தபுரம் பகுதிகளிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டோரின் உழவியந்திரப் பெட்டிகளில் நெல்மூட்டைக்கும் கூரைத்தகரத்துக்கும் பின்னரே கூத்துக் கொப்பிகளுக்கும் உடுப்புகளுக்கும் இடமிருந்தது. பலவற்றுக்கு இடமே இருக்கவில்லை. போர் முடிந்து மீள்குடியமர்ந்தோர் நினைவிலிருந்தே பாட்டுகளைத் திரும்ப எழுதவேண்டியவராயினர். நினைவிலிருந்து எழுதும்போது எது மூலம், எது மாற்றம்? இருவர் நினைவு முரண்பட்டால் எவருடையது கொள்ளத்தக்கது? இவ்வினாக்கள் வன்னியில் இரசிகர் பொழுதுபோக்காகக் கேட்பவையல்ல. கழுவேற்றக் காட்சியிற் சாதிப்பெயர்கள் வரும் அடிகளை மீள எழுதுவதா, விடுவதா, மாற்றுவதா என்பதை எழுதுகோல் பிடித்தவர் அந்த இடத்திலேயே தீர்மானித்தாக வேண்டும்.

ரோக்கியோப் பூங்கா ஜப்பானிய நிறுவனமொன்றுக்கு உரியது. அமெரிக்காவில் இரு மலைகளும் பெயர் மாறிய 2024 இலும் அங்கே பழைய முயல் பிடிபட்டு, கெஞ்சி, வீழ்ந்துகொண்டிருந்தது. அடிமையும் தோட்டமும் தாரும் அறியாத கூட்டம் அதனோடு சேர்ந்து அலறியது. கலிபோர்னியாவிலோ, 1974 இல் ஒரு பாட்டுக்காகவும் 1989 இல் மற்றொரு பாட்டுக்காகவும் வாயசைத்த வாத்துகள், மூன்றாம் பாட்டுக்கு அழைக்கப்படாமல் மேடையினின்று இறக்கப்பட்டன.